வந்த வழியைக் காக்கும் கருவி

மதுரையிலிருந்து வரும் சாலை ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் எதிரே விரிகிற நிலம், யாரும் வழி தவற முடியாத நிலமாகவே தோன்றும். மேற்கே ஏலமலைத் தொடர் நெடுக நிற்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே கூடலூர்ப் பக்கமிருந்து தேனியை நோக்கி வடகிழக்காக ஓடிவரும் முல்லைப் பெரியாறு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என ஊர்களும் அந்த ஆற்றின் போக்கிலேயே வரிசையாக அமைந்திருக்கின்றன. நெல் வயலின் வரப்பிலோ பன்னீர் திராட்சைப் பந்தலின் ஓரத்திலோ நிற்பவர் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தால் போதும், திசை விளங்கிவிடும். அதே ஆள் மலைக்குள் கால் வைத்து ஒரு மணி நேரம் ஏறினால் இந்த உறுதி கரைந்துபோகிறது. தேனி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிக்கு மேலே உள்ள கொழுக்குமலை 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. இடைப்பட்ட அந்த உயரம் முழுக்கப் புல் சரிவு, சோலை, ஓடைப் பள்ளம், எஸ்டேட் ஆட்கள் நடந்த தடம், மாடு மேய்ந்த தடம். பள்ளத்தாக்கு கண்ணுக்கு மறைகிற ஒரு மடிப்புக்குள் நுழைந்துவிட்டால் எந்தச் சரிவும் எந்தச் சரிவாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட மலையில் கையடக்க ஜிபிஎஸ் கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெளிவாகப் பேச வேண்டிய காலம் இது. மலையேற்றம் நகரத்து இளைஞர்களின் வார இறுதிப் பழக்கமாகிவிட்டது. கருவியும் கைபேசிச் செயலியும் யாருக்கும் எட்டாத பொருள்களாக இல்லை. அவற்றைப் பற்றிய இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. கருவி இருந்தால் ஆள் தேவையில்லை என்பது ஒன்று. உள்ளூர் ஆள் இருந்தால் கருவி தேவையில்லை என்பது மற்றொன்று. தேனி மாவட்டத்து மலைகள் இரண்டையும் மறுக்கின்றன. போக வேண்டிய வழியைக் கண்டுபிடிக்க இந்தக் கருவியை நம்பக் கூடாது. வந்த வழியை இழக்காமல் இருக்கவும், நிற்கும் இடத்தை மீட்க வருபவருக்குப் பிழையின்றிச் சொல்லவும் இதைவிடச் சிறந்த துணை கிடையாது. ஆகவே அது இருக்க வேண்டிய இடம் பயணியின் பை மட்டுமன்று, வழிகாட்டியின் கையும்தான். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். போடியில் தொடங்கி லோயர் கேம்ப் வரை போகும் பாதையிலேயே இதற்கான சான்றுகள் கிடைக்கின்றன.

கருவி எப்படி இடத்தை அறிகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அதன் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தங்கள் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. கையிலுள்ள கருவி அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், சரியான நேரம் ஆகிய நான்கையும் கணக்கிட்டுவிடும். போடிப் பேருந்து நிலையத்தின் திறந்த வெளியில் கருவியை இயக்கினால் திரையில் ஒரு வட்டமான வானப் படம் வரும். அதில் எண்ணிட்ட செயற்கைக்கோள்கள், அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. ஒரு செயற்கைக்கோள் தன் பாதைத் தகவலை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது என்பதால், ஒவ்வொரு பட்டையும் உறுதிப்பட அரை நிமிடமாவது பிடிக்கும். பிறகு திறந்த வெளியில் பிழை சில மீட்டர்தான். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது; அப்போது 100 மீட்டர் வரை தவறு வரலாம். அந்தத் தடை நீங்கிய பிறகுதான் மலையேறுபவர்களின் கைக்கு இது உண்மையிலேயே பயன்படும் பொருளாயிற்று.

அதே கருவியோடு ஒரு ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கினால் பட்டைகள் ஒவ்வொன்றாகக் குட்டையாகும். செயற்கைக்கோளின் சமிக்ஞை மிக மெலிதானது. பாறையை ஊடுருவாது, ஈரமான இலைக் கூரையிலும் பெரும்பகுதி இழந்துவிடும். வடக்குத் தெற்காக ஓடும் பள்ளத்தில் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் வானத்தை மறைத்துவிடுவதால், தெரிகிற செயற்கைக்கோள்கள் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அப்போது கிழக்கு மேற்கில் பிழை பெரிதாகிறது. பாறையில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை, நின்ற இடத்திலேயே நிற்பவரை எதிர்க்கரையில் இருப்பதாகக் காட்டும். இந்தியாவின் சொந்த இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக், இந்தக் குறையைத் தணிக்கக்கூடிய ஏற்பாடு. அதன் செயற்கைக்கோள்கள் இந்தியப் பரப்பை மனத்தில் வைத்தே நிறுத்தப்பட்டவை. 83 டிகிரி கிழக்கு நெட்டாங்குக்கு மேலே நிறுத்தப்படும் செயற்கைக்கோள் தேனியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சி வானத்தில் இருக்கும். உச்சியில் நிற்பதை எந்த மலைச் சுவரும் மறைக்காது. ஆனால் 2013-இல் ஏவத் தொடங்கிய முதல் தொகுதியில் பல அணுக் கடிகாரங்கள் பழுதாயின. அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள்கள் 2023-இல்தான் ஏவப்படத் தொடங்கின. ஆகவே பள்ளத்துக்குள் நிற்கும்போது திரை காட்டும் புள்ளியை ஐம்பது மீட்டர் வட்டமாக எண்ணிக்கொள்வதே அறிவு.

போடியிலிருந்து குரங்கணி போகும் சாலை கொட்டகுடி ஆற்றோடு சேர்ந்து மலையடிவாரத்துக்குப் போகிறது. இந்தப் பாதைக்குத் தேயிலையின் வரலாறு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுப் பக்கத்துத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயிற்று. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர்ப் பெயர்களும் அவற்றை இணைக்கும் நடைபாதைகளும் மட்டும் மிஞ்சின. சரக்குக்காகவும் வேலைக்காகவும் வெட்டிய பாதைகள், கைவிடப்பட்ட பாதைகள், புல் அறுக்கப் போகிறவர்கள் போட்ட தடங்கள் எல்லாம் பின்னிக் கிடப்பதால், ஒரு கிளையில் தவறித் திரும்பினால் அரை மணி நேரம் கழித்துத்தான் தவறு தெரியும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும்; தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போக நடைபாதை மட்டுமே.

இந்தச் சரிவில்தான் 2018 மார்ச் 11 அன்று அந்தப் பேரிழப்பு நேர்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இரண்டு குழுக்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. பெரும்பாலானோர் இளம்பெண்கள். காய்ந்த புல்லில் தீ காற்றோடு பரவ, சிதறி ஓடியவர்கள் பள்ளத்தில் அகப்பட்டார்கள். சிலர் கைபேசியில் வீட்டாரை எட்டிய பிறகே செய்தி வெளியே தெரிந்தது. முதலில் ஓடிப்போய்த் தூக்கி வந்தவர்கள் குரங்கணிச் சுற்றுவட்டார மக்களும் எஸ்டேட் தொழிலாளர்களும். இரவெல்லாம் தேடல் நடந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்களும் கருட் கமாண்டோக்களும் வந்தார்கள். தீக்காயங்களோடு மருத்துவமனையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறக்க, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் குழுக்களுக்கு அந்தப் பாதையில் செல்ல அனுமதி இருக்கவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. விசாரணைக்கு அரசின் மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் வந்தன.

அன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜிபிஎஸ் கருவி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதே இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. தீயிலிருந்து அது அவர்களைக் காப்பாற்றியிருக்காது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ வல்லுநர்கள் கையாளும் கணக்கு. 30 டிகிரிச் சரிவில் அது சமநிலத் தீயைவிட எட்டு மடங்கு. அப்படி ஏறி வரும் தீக்கு முன்னால் மேலே ஓடுவதா, பக்கவாட்டில் போவதா, ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்குள் புகுவதா என்பதைத் திரையில் உள்ள அம்பு சொல்லாது. கருவிக்குப் புல் தெரியாது, காற்றுத் தெரியாது. குறித்து வைத்த ஓர் இடத்துக்குப் போ என்று கட்டளையிட்டால் அது நேர்கோட்டைக் காட்டும். அந்தக் கோட்டின் குறுக்கே நூறு அடிப் பள்ளம் இருந்தாலும் கோடு கோடாகவே இருக்கும். புதியவர்கள் இந்த அம்பை வழி என்று நம்பிவிடுவதுதான் கருவியால் வரும் முதல் ஆபத்து.

ஆனால் இதே கருவி அந்த மாலையிலும் இரவிலும் செய்திருக்கக்கூடிய வேலைகள் இரண்டு உண்டு. ஏறிப் போகும்போது கருவி தானாகவே சில விநாடிகளுக்கு ஒரு புள்ளியாகத் தடத்தைப் பதிந்துகொண்டே வருகிறது. அந்தப் புள்ளிக் கோடு, கால் நடந்து வந்த வழி. பள்ளத்தைச் சுற்றி வந்திருந்தால் அதுவும் சுற்றியே காட்டும். புகையிலோ இருட்டிலோ பனிமூட்டத்திலோ கண் தெரியாதபோது அதைப் பிடித்துக்கொண்டு, கடைசியாகக் கடந்த வெட்டவெளிக்கோ பாறைத் திட்டுக்கோ ஓடைக்கோ திரும்ப முடியும். அது இன்னொருவர் வரைபடத்தில் போட்ட கோட்டைவிட நம்பகமானது, ஏனென்றால் சொந்தக் காலே அதற்குச் சாட்சி. இரண்டாவது, மீட்க வருபவர்களுக்கு இடத்தைச் சொல்வது. கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவே ஒரு சரிவில் இருக்கிறோம் என்ற தகவலை வைத்து இரவில் மலையைத் தேடுவது வேறு. இரண்டு எண்களை வைத்து நேராக அந்த இடத்துக்கு வருவது வேறு. காயம்பட்டவர்களுக்கு அந்த மணி நேரங்கள்தான் உயிர்.

அந்த இரண்டு எண்களைச் சொல்லவும் பயிற்சி வேண்டும். குரங்கணிப் பக்கத்து அகலாங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 10 டிகிரி, 05 நிமிடம், 30 விநாடி. தொலைபேசியில் பதற்றத்தோடு ‘பத்து, பூஜ்யம் ஐந்து, முப்பது’ என்று ஒருவர் சொல்ல, கேட்பவர் அதை 10.0530 என்று தசமத்தில் எழுதிக்கொண்டால், புள்ளி 4 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளிப் போய்விடும். உண்மையான இடம் தசமத்தில் 10.0917. நான்கு கிலோமீட்டர் என்பது இந்த மலையில் வேறொரு முகடு, வேறொரு ஓடை, அரை நாள் நடை. கருவிகளில் மூன்று விதமாக இந்த எண்கள் வரும். புறப்படுமுன் குழுவில் உள்ள எல்லாரும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதும், வனத்துறையும் தீயணைப்புத் துறையும் ஊர்க்காரர்களும் அதே வடிவத்தைப் பயன்படுத்துவதும் ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு. இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கண்டறிந்து குறுஞ்செய்தியாக அனுப்பும் தீ எச்சரிக்கைகளும் அகலாங்கு நெட்டாங்கோடுதான் வருகின்றன. அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம் வரை இருக்கலாம். அந்த எண்ணை மலையில் ஓர் இடமாக மாற்றிப் போய்ச் சேர, கையில் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது என்பதற்குத் தென்னிந்தியாவில் தனிக் காரணங்கள் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியின் ஈர்ப்பு குறைந்த பெரும் பரப்பு இருக்கிறது; அதனால் இந்தப் பகுதியில் உண்மையான கடல் மட்டம், செயற்கைக்கோள்கள் கணக்கிற்கு எடுத்துக்கொள்ளும் நீள்கோளப் பரப்பைவிடத் தொண்ணூறு மீட்டர் அளவுக்குக் கீழே இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் நிற்கும்போதே சில கைபேசிச் செயலிகள் உயரம் மைனஸ் 80, 90 மீட்டர் என்று காட்டுவது இதனால்தான். நல்ல கையடக்கக் கருவிகள் இதைத் திருத்தியே காட்டும். திருத்தாத செயலியை நம்பி முகடு இன்னும் நூறு மீட்டர் மேலே இருக்கிறது என்று ஏறிக்கொண்டிருப்பவர் வெளிச்சத்தை இழப்பார். வரைபடத்திலும் இதே கதை. 1802-இல் அளவையாளர் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பேரளவைப் பணியிலிருந்து வளர்ந்த பழைய சர்வே வரைபடங்கள், அளவையாளர் எவரெஸ்டின் பெயரால் வழங்கும் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் அடிப்படை. அடிப்படையை மாற்றாமல் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகலாம். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுத்தொடர் வரைபடங்கள் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே அமைந்திருப்பதால், தாளின் ஓரத்தில் எந்த அடிப்படை என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் பொருத்த வேண்டும்.

இவ்வளவும் கைபேசியே செய்யாதா என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்வி. கைபேசியும் அதே செயற்கைக்கோள்களைத்தான் கேட்கிறது. டவர் இல்லாவிட்டாலும் இடத்தைக் காட்டும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். அரை நாள் நடைக்கு அது தாராளம். ஆனால் மலையில் டவருக்காகத் தவித்துத் தேடும் கைபேசி தன் மின்சக்தியைத் தானே தின்றுவிடும். உதவிக்கு அழைக்க வேண்டிய பொருளும் வழி பார்க்க வேண்டிய பொருளும் ஒன்றாகவே இருந்து, அது மாலை நான்கு மணிக்கு அணைந்துபோனால் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. இரண்டு பென்டார்ச் பேட்டரியில் இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும் கருவிக்குப் போடிக் கடைத்தெருவில் எங்கும் மாற்று பேட்டரி கிடைக்கும். மழை ஈரத்திலும் பொத்தான் அழுந்தும், உச்சி வெயிலிலும் திரை தெரியும். எனவே கைபேசி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பேசுவதற்காக மிச்சம் வைக்க வேண்டும் என்றே சொல்கிறேன். அத்தோடு ஒரு சட்ட விஷயமும் உண்டு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் தொடர்புக் கருவிகள் ஜிபிஎஸ் கருவி போலவே தோற்றமளிக்கும். ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். அவற்றோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். கேட்க மட்டும் செய்யும் ஜிபிஎஸ் கருவிக்கு அத்தகைய தடை இல்லை. ஆகவே நம் மலைகளில் உதவி கேட்கும் வழி இன்னமும் கைபேசியும் நடந்து போகும் ஆளும்தான் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கருவி எதற்கு? முதுவர், பளியர் ஆகிய பழங்குடி மக்களும், கம்பம் மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் தொழிலாளர்களும் அறிந்த மலையை எந்தத் திரையும் அறியாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த மாதத்தில் எந்தச் சரிவில் யானை நிற்கும், எந்த ஓடையில் மேல் மழைக்குத் தண்ணீர் திடீரென்று ஏறும், எந்தப் புல் பங்குனியில் ஒரு பொறிக்கே பற்றும் என்பதெல்லாம் அவர்களின் அறிவு. இடத்தை அறிவது வேறு, அங்கே நடக்கப் போவதை அறிவது வேறு என்பதைக் கம்பம் நகரமே 2023-இல் கண்டது. சின்னக்கானலில் பிடித்துக் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மேகமலைப் பக்கம் வந்து, மே 27 அன்று கம்பம் தெருக்களுக்குள்ளேயே நுழைந்தது. அது எங்கே நிற்கிறது என்பது அதிகாரிகளுக்கு எண்களாகத் தெரிந்துகொண்டிருந்தது; அடர்ந்த காட்டுக்குள் போனபோது சமிக்ஞை கிடைக்காத நேரங்களும் இருந்தன. அடுத்து எங்கே திரும்பும் என்பதை எந்த எண்ணும் சொல்லவில்லை. காட்டையும் யானையையும் அறிந்தவர்கள் பின்தொடர்ந்துதான் ஜூன் 5 அன்று அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆனால் அந்த உள்ளூர் அறிவுக்கும் ஒரு வரம்பு உண்டு: அது அந்த ஆளோடு இருக்கிறது. வழிகாட்டி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், அல்லது நெருக்கடியில் குழு இரண்டாகப் பிரிந்தால், மற்றவர்களிடம் அதில் ஒரு துளியும் மிஞ்சாது. தொலைவில் மதுரையிலோ தேனியிலோ இருக்கும் மீட்பு அலுவலருக்கு ‘ஒத்தப் பாறைக்கு மேலே, பழைய மாட்டுப்பட்டிக்குக் கீழே’ என்ற அடையாளம் விளங்காது; விமானிக்கு அறவே விளங்காது. கருவி அந்த அறிவை எழுத்தில் பிடித்து வைக்கிறது. தீக்காலம் வருமுன் வழிகாட்டி பாதை நெடுக நடந்து, தண்ணீர் வற்றாத ஓடை, புல் முளைக்காத பாறைத் திட்டு, டவர் கிடைக்கும் திருப்பம், ஹெலிகாப்டர் இறங்கத் தோதான சமநிலம் என ஒவ்வொன்றையும் புள்ளியாகக் குறித்துப் பெயரிட்டு வைத்தால், அவர் தலைக்குள் இருந்த மலையில் ஒரு பகுதி குழு முழுவதற்கும் மீட்பவர்களுக்கும் சொந்தமாகிறது. காட்டைக் காப்பவர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை உட்பட, புலிகள் காப்பகங்களில் ரோந்துத் தடங்களை ஜிபிஎஸ்ஸில் பதிவதற்கென்றே எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற முறை இருக்கிறது. வனக்காவலருக்குப் பொருந்துவது மலையேற்ற வழிகாட்டிக்கும் பொருந்தும்.

மூன்றாவதாக ஒரு கவலை: பதிந்த தடங்களை எல்லாரும் பகிரத் தொடங்கினால், மூடியிருக்க வேண்டிய காடும் திறந்துவிடாதா? திறந்துவிடும்; இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச் சாவடி வழியாக மேகமலைக்கு ஏறும் சாலையின் இருபுறமும் இருப்பது யானையும் புலியும் சிங்கவால் குரங்கும் வாழும் காடு. அங்கே யாரோ ஒருவர் அனுமதியின்றி நடந்த தடம் இணையத்தில் ஏறிவிட்டால், பின்னால் வரும் நூறு பேருக்கு அது பாதையாகத் தெரியும். அது நடக்கத்தக்க பாதையா, தடைசெய்யப்பட்டதா என்று கோடு சொல்லாது. கூடலூருக்கு மேலே எல்லை முகட்டில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் இதற்கு நல்ல பாடம். லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து நடைபாதை இருக்கிறது; கோயிலின் இடம் எல்லா வரைபடத்திலும் இருக்கிறது. ஆனாலும் சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே, தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகங்களின் ஏற்பாட்டில், பக்தர்கள் போக முடியும். இரு மாநிலங்களும் உரிமை கோரும் அந்த முகட்டில் திரையில் தெரியும் எல்லைக் கோட்டுக்கு எந்த அதிகாரமும் இல்லை. இதற்குத் தீர்வு கருவியை ஒதுக்குவதில் இல்லை. அனுமதி உள்ள பாதைகளின் தடத்தை வனத்துறையே அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டும். மற்றத் தடங்களைப் பகிர்வதில்லை என்ற ஒழுக்கத்தை மலையேறுபவர்கள் தங்களுக்குள் உறுதியாக்கிக்கொள்ள வேண்டும். நல்ல தடம் கைக்குக் கிடைக்கும்போது கள்ளத் தடத்தைத் தேடும் தேவை குறையும்.

கருவி பழகினால் மனம் மழுங்கும் என்றும் சொல்கிறார்கள். அம்பை மட்டும் பார்த்து நடப்பவருக்கு அப்படித்தான் ஆகும். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து, எதிரே தெரியும் முகட்டையும் காற்றின் திசையையும் கவனித்து, அதன் பிறகு அந்த இடத்தைப் புள்ளியாகக் குறிப்பவர் மலையைக் கூடுதலாகவே பார்க்கிறார். குறிப்பதற்காகவேனும் அவர் நிற்க வேண்டியிருக்கிறது. பழக்கம் எந்தப் பக்கம் சாயும் என்பது பயிற்சியைப் பொறுத்தது.

பயிற்சி தருவதற்கான அமைப்பு இப்போது இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. தேனி மாவட்டத்தில் குரங்கணி சாம்பலாறு பாதையும் சின்னச் சுருளி தென்றல் பாதையும் அதில் அடங்கும். மலைவாழ் மக்களும் காட்டை ஒட்டிய கிராமத்து இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். முன்பதிவு உண்டு, தீக்காலத்தில் பாதைகளை மூடும் நடைமுறையும் உண்டு. 2018-இல் இல்லாத இந்த ஒழுங்கு பெரிய முன்னேற்றம். அதோடு இன்னும் சில ஏற்பாடுகள் சேர வேண்டும். ஒவ்வொரு வழிகாட்டிக்கும் அரசுச் செலவில் ஒரு கையடக்க ஜிபிஎஸ் கருவியும் மாற்று பேட்டரிகளும் தர வேண்டும். ஆண்டுதோறும் தீக்காலத்துக்கு முன் தப்பிக்கும் இடங்களைக் குறித்துப் புதுப்பிக்கும் நடையை அவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய வேலையாக்க வேண்டும். அந்தப் புள்ளிகளின் பட்டியல் வனச்சரக அலுவலகத்திலும் போடி தீயணைப்பு நிலையத்திலும் ஒரே எண் வடிவத்தில் இருக்க வேண்டும். நடக்க வருபவரும் புறப்படுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, தன் இடத்தை இரண்டு எண்களாகப் படித்துச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் காட்டுத்தீயையும் இது அணைக்காது என்பது உண்மைதான். ஆனால் வழி தெரியாமல் சிதறுவதும், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் இரவெல்லாம் தேடுவதும் விதியினால் வருபவை அல்ல. அவற்றைத் தடுக்கத் தேவையான கருவி சந்தையில் இருக்கிறது, தேவையான அறிவு குரங்கணியிலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே கையில் சேர்ப்பது அரசுக்கும் மலையேறுபவர்களுக்கும் உள்ள கடமை.